கெம்மூல்

அந்த மொழியை உண்டாக்கியபோது எங்களுக்குப் பத்தொன்பது வயது.
அதனால்தான் நட்சத்திரத்துக்கு ஒன்பது சொல் வைத்தோம்,
வாளுக்கு ஆறு,
கரண்டிக்கு ஒன்றுமில்லை.

இருபது வருடம் கழித்து, லியபாயாவில்,
இல்க்வார்ஸின் மூன்றாம் மாடி வீட்டில்
செவ்வாய் இரவுகளில் அகராதியைத் திரும்பத் திறந்தோம்.
விதி ஒன்றுதான்:
தேவைப்படாமல் எந்தச் சொல்லும் பிறக்கக் கூடாது.
தேவை எது என்று
மொழிபெயர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கவிதைகளைத் தொடவில்லை. கவிதையில் எதையும் சமாளித்துவிடலாம்.
கைக்குக் கிடைத்ததை எடுத்தோம்:
கொதிகலன் கையேடு,
டிராம் அபராதச் சீட்டு,
காணாமல் போன பூனைக்கு யாரோ ஒட்டிய தாள்.

கொதிகலன் எங்களுக்கு வால்வைத் தந்தது.
'வலஞ்சுழியாகத் திருகவும்' என்ற இடத்தில் நின்றுபோனோம்.
எங்கள் ஜனத்துக்குக் கடிகாரம் கிடையாது.
'கஞ்சி கிளறும் பக்கமாக' என்றேன்.
இல்க்வார்ஸ் இடதுகைக்காரன்.
ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.

'உத்தரவாதம்' மூன்று மணி நேரம் பிடித்தது.
உடைந்தாலும் உன் பக்கம் நிற்பேன், இரண்டு குளிர்காலம் மட்டும்:
இத்தனையும் ஒரே சொல்லில்.
தன் திருமணத்தை இதைவிடச் சுருக்க முடியாது என்றான் அவன்,
எழுதிக்கொண்டே.

பூனைத்தாளில் 'உரிமையாளர்' இடறியது.
எங்கள் இலக்கணத்தில் உயிர் உயிரை உடைமை கொள்ளாது.
எனவே, பூனை தன் ஆளைத் தொலைத்துவிட்டது,
கண்டால் ஆளைப் பிடித்துக் கொடுக்கவும்.
எத்தனை முறை படித்தாலும்
மூலம்தான் தப்பு என்று பட்டது.

நவம்பரில் எங்கள் கதவிலேயே ஒரு தாள்.

'செவ்வாய்தோறும் பதினொரு மணிக்குச் சிரிக்கிறீர்கள்.
நாலரைக்கு நான் துறைமுகத்தில் கிரேன் ஏற வேண்டும்.
நான் உங்கள் எதிரி அல்ல, அண்டைவீட்டுக்காரி.
விஸ்மா, பதினேழாம் எண்.'

வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.
பிறகு, பழக்கதோஷம்,
மொழிபெயர்த்தோம்.

எதிரி இருந்தது, நான்கு வகையில்.
விருந்தாளி, தளபதி, துரோகி, பங்காளி,
எல்லாம் இருந்தன.
அண்டைவீட்டார் இல்லை.
இருபது வருடம் ஒரு ஜனத்தையே வளர்த்திருக்கிறோம்,
ஒருவருக்கு ஒருவர் அண்டையில் இல்லாமல்.

கெம் என்றால் தரை. ஊல் என்றால் கூரை.
கெம்மூல்: என் தரையைத் தன் கூரையாகக் கொண்டவர்.
நடுவில் மகரம் தானாக இரட்டித்தது,
அதற்கென்று நாங்கள் விதி எதுவும் எழுதியிருக்கவில்லை.

பதிலை முதலில் எங்கள் மொழியில் எழுதி
லாத்வியனுக்குத் திருப்பினோம். வந்தது இது:
'கெம்மூலே,
எங்கள் சிரிப்பு உங்கள் மேல் விழுந்துவிட்டது.
இனி ஒன்பதரைக்கு அதை எடுத்து வைத்துவிடுவோம்.'
அடியில் சொற்பொருள் ஒரு வரி. அது என் யோசனை.

ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
கடற்காற்று ஜன்னல் விளிம்பில் மணலைக் கொட்டிவிட்டுப் போனது.
பத்தாம் நாள்:

'அன்புள்ள கெம்மூலி,
என் குளியலறைக் கூரை ஒழுகுகிறது.'

தவறு.
இலக்கணப்படி கெம்மூல் அவள்தான். நாங்கள் இல்லை.
பன்மைக்கும் எங்கள் விகுதியைக் கேட்கவில்லை,
லாத்வியன் இகரத்தை ஒட்டியிருந்தாள்.

இல்க்வார்ஸ் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினான்.
ஆயிரத்து முந்நூற்று நாற்பத்து மூன்று சொற்கள்.
விதி போட்டவர்கள் இருவர், பேசியவர்களும் அதே இருவர்.
தவறு செய்ய இதுவரை ஆள் இருந்ததில்லை.

மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுப் பென்சிலால் எழுதினான்:

கெம்மூல், பெயர்ச்சொல். 1. தரையைக் கூரையாகக் கொண்டவர்.
2. கூரையைத் தரையாகக் கொண்டவர்.
பன்மை: கெம்மூலி.
வழக்கு: விஸ்மா, பதினேழாம் எண்.

ஒழுகலுக்குச் சொல் இல்லை.
வாளிக்கும் இல்லை.
வாளியை எடுத்துக்கொண்டு கீழே போனோம்.